குதிரை நிலை

எட்டேகால் மணிக்கே லோகநாயகி கோப்பிக்கடைக்கு வந்து உட்கார்ந்துவிட்டாள். வகுப்பு ஒன்பது மணிக்குத்தான். வேன் நிறுத்த இடம் கிடைக்காது, முன்னாடியே போகணும் என்று வீட்டில் சொல்லிவிட்டு வந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் தைப்பிங் டவுனில் வேன் நிறுத்தவா இடமில்லை என்று குணசேகரன் கேட்கவில்லை. அவர் வாசலில் செடிகளுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டே, "பாத்துப் போ லோகா" என்றார். கல்யாணமான இருபத்தாறு வருடமாக அதே வார்த்தைதான். ஆனால் இந்த நான்கு மாதமாக அதில் நிஜமாகவே பார்க்கச் சொல்கிற ஒரு பயம் வந்து சேர்ந்திருக்கிறது. அந்தப் பயம் தன்னிடமிருந்துதான் அவருக்குத் தொற்றியது என்று அவளுக்குத் தெரியும், ஒரே வீட்டில் ஒருவரின் சளி மற்றவருக்குப் போகிற மாதிரி. கடையில் சுவரை ஒட்டிய மேசையாகப் பார்த்து, முதுகு சுவரில் படும்படி உட்கார்ந்தாள். இதுவும் நான்கு மாதப் பழக்கம். அங்கிருந்து தெரு முழுவதும் தெரிந்தது. இந்தப் பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை, அதன் ஓரமாக மாடிக்குப் போகும் குறுகலான மரப்படி, மேலே விங் சுன் சொல்லித்தருகிற மிஸ் யிப்பின் அறை. எதிர்ப்பக்கம் சீனர் சங்கத்தின் பழைய மண்டபம், சிவப்புக் கதவு, உள்ளே ஹுங் கா சொல்லித்தருகிற லாவ். சீனச் சண்டைக் கலைக்கு இரண்டு பள்ளி, ஒரே தெருவில், ஒரே நேரத்தில். இங்கிருந்து மரப்படிக்குப் பத்து எட்டு வைத்தால் போதும். சிவப்புக் கதவுக்கு, ரோட்டைத் தாண்டி, முப்பது எட்டு இருக்கும். மிஸ் யிப் கொடுத்த படிவம் கைப்பையில் இருந்தது. பெயர், வயது நாற்பத்தெட்டு, தொழில் பள்ளி வேன் ஓட்டுவது, அவசரமென்றால் யாரைக் கூப்பிடுவது, எல்லாம் எழுதியாயிற்று. கையெழுத்து மட்டும் போடவில்லை. ஒரு கையெழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும், மூச்சு விடுகிற நேரம். அந்த மூச்சை மூன்று நாளாக உள்ளே இழுத்து வைத்துக்கொண்டு நடமாடுகிறாள். "ஆண்டி, கோப்பி ஓ?" என்று கடைக்காரப் பெண் சத்தம் போட்டாள், பால் விடாத கோப்பி. "ஆமா, சீனி கொஞ்சமா" என்றாள் லோகநாயகி. கேட்ட மாத்திரத்தில் பதில் வந்துவிட்டது. கோப்பிக்கு வருகிற பதில் இதற்கு ஏன் வரமாட்டேன் என்கிறது?

வரிசையாக யோசித்துப் பார்க்கலாம். முதலில் தை சீ. அது மகள் பிரவீணாவின் யோசனை. கோலாலம்பூரில் மருந்தகத்தில் வேலை, அம்மாவுக்கு எதுவானாலும் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். "மா, உங்க வயசுக்கு தை சீதான் சரி. முட்டிக்கும் நல்லது, மனசுக்கும் நல்லது." முட்டியைப் பற்றித் தெரியாது, மனசைப் பற்றி அவள் சொன்னது தப்பாகப் போயிற்று. ஏரித் தோட்டத்தில், கிளைகள் தண்ணீரைத் தொடுகிற அளவுக்குச் சாய்ந்து நிற்கும் பெரிய மழைமரங்களுக்கு அடியில், வெள்ளைச் சட்டை போட்ட இருபது பேர். முக்கால்வாசிப் பேர் ஓய்வு பெற்ற ஆசிரியர்கள். கூ என்கிற மெலிந்த மனிதர் முன்னால் நின்று கையை நகர்த்த, இருபது பேரின் கையும் அதே போல நகரும், பனி நகர்கிற மாதிரி. மூன்று வாரம் போனாள். அழகாக இருந்தது, அதில் ஒரு சந்தேகமும் இல்லை, ஏரியில் மலையின் நிழல் விழுந்து கிடக்க, புல் ஈரம் செருப்பில்லாத காலில் ஏற, இவ்வளவு அழகான காலைகளை ஐந்தரைக்கே எழுந்து பிள்ளைகளை ஏற்றிப்போகிற அவசரத்தில் எத்தனை வருடம் தவற விட்டோம் என்றுகூட நினைத்தாள். ஆனால் உடம்பு மெதுவாகப் போகப் போக, மனம் முந்திக்கொண்டு ஓடிற்று. கை இடமிருந்து வலம் போய்ச் சேர்வதற்குள் மனம் பசார் ரோட்டுக்குப் போய், விழுந்து, எழுந்து, திரும்பி வந்துவிடும். மூன்றாவது வாரம் ஏரியோர ரோட்டில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. யாரோ ரொட்டி வாங்கப் போகிறவர். பத்தொன்பது பேரின் கைகள் நகர்ந்துகொண்டே இருந்தன. அவளுடையவை மட்டும் கீழே விழுந்துவிட்டன, அவள் முழு உடம்பும் திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றது. கூ பக்கத்தில் வந்து, "ஒன்னும் நினைக்காதீங்க" என்று மலாயில் மெல்லச் சொன்னார். நல்ல மனிதர். ஒன்றும் நினைக்காமல் இருக்கச் சொல்லித்தருகிற பள்ளி ஒன்று இருந்தால் அதில்தானே அவள் முதலில் சேர்ந்திருப்பாள்.

கோப்பி வந்தது. தடித்த பீங்கான் கோப்பை, கைக்குச் சூடாக. தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது, போயிற்று, தோள்கள் தாமாகவே காதுவரை ஏறி இறங்கின. வேனுக்குள் இருக்கும்போது இப்படி ஆவதில்லை. நூறு மோட்டார் சைக்கிள் சுற்றிப் போனாலும் பயமில்லை, ஹாரன் அடித்து வழி வாங்குவாள். காலால் நடக்கும்போதுதான். நான்கு மாதத்துக்கு முன்னால், அன்றைக்கும் பசார் ரோட்டில் நடந்துதான் போனாள். சனிக்கிழமை, காலை ஏழு மணி, வெயில் இன்னும் கடைகளின் தகரக் கூரைக்கு வரவில்லை. ஒரு கையில் கங்கோங் கீரையும் மீனும், தோளில் பை. பின்னாலிருந்து சத்தம் வந்தது, சத்தம் நெருங்குவது காதில் விழுந்தது, ஆனால் சத்தம் என்றால் அது தன்னைத் தாண்டிப் போகப் போகிற சத்தம் என்றுதானே நாற்பத்தெட்டு வருடமாக நினைத்திருந்தாள். பையின் வார் இறுகியது. மூன்று எட்டு இழுபட்டாள், அல்லது நான்கு, பிறகு முட்டி, பிறகு முழங்கை, பிறகு கன்னத்தில் ரோட்டின் சொரசொரப்பு. வார் அறுந்தது. மோட்டார் சைக்கிளில் பின்னால் உட்கார்ந்திருந்தவன் திரும்பிப் பார்த்தான், இருபத்தைந்து வயது இருக்கும். அப்போதுதான் அது நடந்தது. போலீஸிடம் சொல்லவில்லை, குணசேகரனிடம் சொல்லவில்லை, "அப்புறம் என்னா ஆச்சு மா" என்று போனில் அழுத பிரவீணாவிடம் சொல்லவில்லை. அவன் கண்ணைப் பார்த்து அவள் "சாரி" என்றாள்.

சாரி. பஸ்ஸில் ஒருவர் காலை மிதித்துவிட்டால் சொல்கிற மாதிரி, மரியாதையாக, கொஞ்சம் புன்னகைகூட இருந்ததோ என்னவோ. பை போனதைப் பற்றி ஒரு வாரம் எல்லாரும் பேசினார்கள், முழங்கையில் போட்ட கட்டைப் பற்றி ஒரு மாதம் பேசினார்கள். அந்த ஒரு வார்த்தை மட்டும் யாருக்கும் தெரியாமல் அவளுக்குள்ளேயே கிடந்தது. மீன் முள் தொண்டையில் நின்ற மாதிரி. சோற்றை உருட்டி விழுங்கினாலும் போகாது, எச்சில் விழுங்கும்போதெல்லாம் இருக்கிறேன் என்று சொல்லும். ஏன் சொன்னோம்? திருடா என்று கத்தியிருக்கலாம். ஐயோ என்றாவது கத்தியிருக்கலாம், ஐயோவுக்கு யோசனை வேண்டியதில்லை, பிறந்த குழந்தைக்குக்கூட அது வரும். அவளுக்கு வரவில்லை. வாயில் எது தயாராக உட்கார்ந்திருந்ததோ அது வந்தது. எத்தனை வருடமாக அது அங்கே உட்கார்ந்திருந்தது? பிள்ளையைத் தாமதமாக வெளியே அனுப்புகிற தாயிடம், ஹாரன் அடித்ததற்காக இவள்தான் சாரி சொல்வாள். நாத்தனார் சோறு குழைந்துவிட்டது என்றால் சாரி, குழையவில்லை என்றாலும் சாரி. பிரவீணா பிறந்தபோது வலி தாங்காமல் முனகிவிட்டு நர்ஸிடம் சாரி சொன்னாள், அந்த நர்ஸ் இன்னும் எங்கேயாவது இதைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருப்பாள். இப்படி யோசித்துக்கொண்டே போனால் எங்கே போய் நிற்கும்? நிற்காது. நான்கு மாதமாகச் சுற்றிச் சுற்றி அதே முனைக்குத்தான் வருகிறது. எட்டு முப்பத்தைந்து. கோப்பி பாதிகூடக் குடிக்கவில்லை.

மேலே சன்னலைத் திறக்கிற சத்தம் கேட்டது. மிஸ் யிப் வந்துவிட்டாள். பின் சந்தில் காரை நிறுத்திவிட்டு அந்தப் பக்கப் படியால் ஏறியிருப்பாள். முப்பத்துமூன்று வயது, பல் மருத்துவமனையில் வேலை, கைகள் மெல்லிசாக, விரல்கள் பென்சில் மாதிரி. அந்த விரல்களை லோகநாயகியின் முன்கையில் வைத்து, "தள்ளுங்க ஆண்டி" என்பாள். லோகநாயகி தள்ளினால் தள்ளியது எங்கேயோ வழுக்கிப் போய்விடும், மிஸ் யிப்பின் முஷ்டி அவள் மூக்குக்கு முன்னால் ஒரு அங்குலத்தில் நிற்கும். பார்க்க மாயம் மாதிரி இருந்தது. இரண்டு ஞாயிறு சும்மா வந்து பழகிப் பார்க்கச் சொன்னாள், லோகநாயகி பழகினாள். கால்களை உள்பக்கம் திருப்பி, சின்ன இடத்தில், ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நிற்கிற மாதிரி நின்றுகொண்டு, நெஞ்சுக்கு நேராகக் குத்துவது. "இத உருவாக்கினதே ஒரு பொம்பள தான்னு கதை இருக்கு. பொம்பளைங்களுக்குன்னே செஞ்சது. நமக்குப் பலம் வேணாம். எதிராளியோட பலத்தையே எடுத்து அவன் மேல திருப்பி விட்டுடலாம்" என்றாள் மிஸ் யிப். எவ்வளவு நல்ல செய்தி! வீட்டுக்குப் போய்ச் சொன்னதும் குணசேகரனும் தலையாட்டினார். "அதான் லோகா உனக்கு ஏத்தது. பலமே வேணாமாம்." பிரவீணாவும் போனில், "தை சீ வேணாம்னா விங் சுன் ஓகே மா, பொம்பளைங்களுக்கு சூட் ஆகும்" என்றாள். எல்லாருக்கும் சம்மதம். படிவத்தை நிரப்பினாள். கையெழுத்துப் போடுகிற இடத்துக்கு வந்ததும் பேனா நின்றது. மிஸ் யிப்பிடம் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொறுமைசாலி, சுத்தமான அறை, மின்விசிறி இருக்கிறது, பெண் ஆசிரியர், மூன்று பெண்கள் ஏற்கெனவே படிக்கிறார்கள். பிறகு ஏன்? வேண்டாம் என்று சொன்னால் அந்தப் பெண் மனம் நோகும். பார், மறுபடியும். இப்போதே தொண்டையில் சாரி வந்து உட்கார்ந்துவிட்டது.

தப்பு அந்தக் கூச்சலுடையது. அதைக் கேட்டிருக்காவிட்டால் இந்நேரம் கையெழுத்துப் போட்டு முடிந்திருக்கும். மாடியில் பழகும்போது தூரத்து இரைச்சலாகத்தான் கேட்டது, இரண்டாவது ஞாயிறு மிஸ் யிப்பின் படியிலிருந்து இறங்கும்போது எதிர்ப்பக்கத்திலிருந்து முழுசாக வந்தது. வார்த்தை இல்லாத ஒரு சத்தம். அடிவயிற்றிலிருந்து கிளம்பி, சிவப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, இந்தப் பக்கத்து மூக்குக்கண்ணாடிக் கடையின் கண்ணாடி வரை வந்து மோதியது. உடம்பு தூக்கிப்போட்டது. ஆனால் பயத்தில் ஓட வேண்டிய கால் ஓடவில்லை, ரோட்டைத் தாண்டிப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்றது. அங்கே வகுப்பு இன்னும் முடியவில்லை, உள்ளே பத்துப் பன்னிரண்டு பேர். கால்களை அகல விரித்து, நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி, முஷ்டிகளை இடுப்பில் வைத்து அசையாமல் நின்றார்கள். தொடைகள் நடுங்குவது வாசலிலிருந்தே தெரிந்தது. நடுவில் நடந்துகொண்டிருந்த மனிதர் திரும்பினார். பார்த்தால் லாவ்! டயர்க்கடை லாவ்! எட்டு வருடமாக அவளுடைய வேனுக்கு டயர் மாற்றுகிறவர், கிரீஸ் படிந்த கால்சட்டையோடு குனிந்து ஜாக்கியை மிதிக்கிறவர். அந்த மனிதரைத்தான் எல்லாரும் சிஃபூ, சிஃபூ என்று கூப்பிட்டார்கள், குரு என்று அர்த்தம். அவரும் அவளைப் பார்த்துத் திகைத்துப்போய், "டயரா?" என்றார். "இல்ல, சும்மா பாத்தேன்" என்றாள். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டார். உட்கார்ந்தாள். ஒரு மணி நேரம். அவர்கள் புலி மாதிரி விரலை மடக்கி அறைந்தார்கள், கொக்கு மாதிரி ஒற்றைக் காலில் நின்றார்கள், நடுநடுவே ஒரே குரலாக அந்தச் சத்தத்தைப் போட்டார்கள். ஒவ்வொரு முறையும் மண்டபத்தின் கூரையிலிருந்து புறாக்கள் கிளம்பி மறுபடி வந்து உட்கார்ந்தன. வகுப்பு முடிந்ததும் லாவ் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, "சும்மா பாக்கிறவங்க ஒரு மணி நேரம் பாக்க மாட்டாங்க" என்றார். வரச் சொல்லவுமில்லை, வராதே என்று சொல்லவுமில்லை. வீட்டுக்குப் போய் இதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் என்ன சொல்வார்கள் என்று தெரியும். ஆம்பளைங்க பழகுறது மா. இந்த வயசுல முட்டி போயிரும் மா. உனக்கு எதுக்கு லோகா அவ்ளோ முரட்டுத்தனம்.

போன் அடித்தது. பிரவீணா. "மா, எங்க இருக்கீங்க? சைன் போட்டாச்சா?"

"இல்லடா, கோப்பி குடிக்கிறேன்."

"என்னா மா நீங்க. இன்னும் என்னா யோசனை? நீங்க என்னா ஆம்பளையா, பலத்தக் காட்டிச் சண்ட போடுறதுக்கு? இது டெக்னிக் மா. பலமே தேவையில்ல."

"சரிடா. வைக்கிறேன்" என்றாள் லோகநாயகி.

பலமே தேவையில்லை. கோப்பையைக் கீழே வைத்தாள். இந்த ஒரு வாக்கியத்தை ஒரு மாதத்தில் எத்தனை பேர் சொல்லிவிட்டார்கள். மிஸ் யிப் சொன்னாள், குணசேகரன் சொன்னார், மகள் சொன்னாள், தை சீ சொல்லித்தந்த கூவும் வேறு மாதிரி அதையேதான் சொன்னார். எல்லாரும் அவள் நன்மைக்குத்தான் சொன்னார்கள், எல்லாரும் ஆறுதல் மாதிரி சொன்னார்கள், உனக்கு இல்லாத ஒன்று உனக்குத் தேவையும் இல்லை என்று. இல்லையென்று யார் சொன்னது? மேசைமேல் கிடந்த தன் முன்கையைப் பார்த்தாள். முழங்கைத் தழும்பு இன்னும் இளஞ்சிவப்பாக இருந்தது. அதற்குக் கீழே, பதினான்கு வருடம் வேன் ஸ்டியரிங்கைத் திருப்பின கை, காஸ் சிலிண்டரைத் தோளில் வைத்து நான்கு படி ஏற்றின கை. மாமனார் படுக்கையில் விழுந்து இரண்டு வருடம் கிடந்தாரே, எழுபது கிலோ, அவரைக் கட்டிலிலிருந்து தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோனது யார்? ஒரு நாளைக்கு நான்கு தடவை. குணசேகரன் ஒரு தடவை தூக்கப் போய் இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் படுத்துவிட்டார். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. எப்படித் தூக்கினாள்? யாரும் சொல்லித்தரவில்லை. முதல் வாரத்திலேயே உடம்பு தானாகக் கண்டுபிடித்தது. காலை அகலமாக வை, முட்டியை மடக்கு, முதுகை நிமிர்த்து, இடுப்பைக் கீழே இறக்கு, பாரத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடி, பிறகு தரையைக் காலால் அழுத்து. அவள் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். அப்படித்தானே அவர்கள் நின்றார்கள், அந்தச் சிவப்புக் கதவுக்குள்ளே! வகுப்பில் அதற்குப் பெயர்கூடச் சொன்னார் லாவ், குதிரை நிலை. இரண்டு வருடம் ஒரு நாளைக்கு நான்கு முறை குதிரை நிலையில் நின்றிருக்கிறாள், அது குதிரை நிலை என்று தெரியாமல். மிஸ் யிப்பின் சின்னக் கூண்டுக்குள் நின்றபோது ஏன் மூச்சு முட்டியது என்று இப்போது தெரிந்தது. அந்தக் கலைக்கு அதில் ஒரு குறையும் இல்லை, அது மெல்லிய விரல்காரர்களுக்கு வைரம். ஆனால் பிறருடைய பலத்தை வைத்து என்ன செய்வது என்பதைத்தான் அவள் வாழ்க்கை முழுக்கப் பழகியாயிற்று. யார் தள்ளினாலும் வழுக்கிப் போக விடுவது, வளைந்து கொடுப்பது, அதில் அவளே பெரிய சிஃபூ. தன்னுடைய பலத்தை வைத்து என்ன செய்வது? அதைத்தான் ஒருவரும் சொல்லித்தரவில்லை. அதுதான் இத்தனை வருடமாக ஒரு மூலையில் உட்கார்ந்து சாரி, சாரி என்று சொல்லிக்கொண்டிருந்தது.

எட்டு ஐம்பது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனால் இது வேறு அடிப்பு, பிரவீணாவின் பள்ளி இறுதி எஸ்பிஎம் பரீட்சை முடிவைத் திறந்து பார்த்தபோது அடித்த மாதிரி. மீதிக் கோப்பியை ஒரே மடக்கில் குடித்தாள், ஆறிப்போயிருந்தது, நன்றாக இருந்தது. முதலில் மேலே போக வேண்டும். சொல்லாமல் போவது மரியாதையில்லை. மரப்படியில் ஏறினாள். மிஸ் யிப் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "ஆ, ஆண்டி, சீக்கிரம் வந்துட்டீங்க. படிவம் கொண்டாந்தீங்களா?" லோகநாயகி படிவத்தை எடுத்து, மடித்தபடியே அவள் கையில் கொடுத்தாள். "நான் இங்க சேரல மிஸ் யிப். எதிர்ல, லாவ்கிட்டப் போறேன்." சொல்லிவிட்டு வாயை மூடிக்கொண்டாள். அடுத்த வார்த்தை நாக்கின் நுனிக்கு வந்து நின்றது, எவ்வளவு பழகிய வார்த்தை, நான்கு மாதமாக முள்ளாகக் குத்தின வார்த்தை. அதை அங்கேயே நிறுத்தி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு, மூன்று எண்ணினாள், நான்கு எண்ணினாள். அது கரைந்து போயிற்று. அதன் இடத்தில் வேறொன்று வந்தது. "ரெண்டு வாரம் நல்லா சொல்லிக் குடுத்தீங்க. நன்றி." மிஸ் யிப் தரை துடைக்கிற கம்பின்மேல் சாய்ந்து அவளை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு அந்தப் பெண் சிரித்தாள், மனம் நொந்த சிரிப்பு இல்லை. "அங்க ரொம்ப சத்தம் போடுவாங்களே ஆண்டி. ஞாயித்துக்கிழமை என்னோட கிளாஸே நடத்த முடியல."

"அதுக்குத்தான் போறேன்" என்றாள் லோகநாயகி.

படியில் இறங்கும்போது சிரிப்பு வந்தது. தெருவில் வெயில் இறங்கியிருந்தது. இடதுபக்கம் பார்த்து, வலதுபக்கம் பார்த்து, ரோட்டில் கால் வைத்தாள். பின்னால் எங்கேயோ ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக் கிளம்பியது. தோள் ஏறியது, ஏறட்டும். திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது எட்டு என்று நினைத்தாள், இருபத்திரண்டிலேயே கதவு வந்துவிட்டது.

உள்ளே சாம்பிராணி மாதிரி ஒரு வாசனை, மூலிகைத் தைலத்தின் காரம், பழைய மரத்தின் ஈரம். லாவ் அவளைப் பார்த்ததும் இந்த முறை டயரா என்று கேட்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போடவுமில்லை. நேராக நின்று, "ஏன் பழகணும்?" என்றார். மற்ற இடங்களில் இந்தக் கேள்விக்கு உடம்புக்கு, பாதுகாப்புக்கு என்று என்னென்னவோ சொல்லியிருக்கிறாள். இப்போது வாய் திறந்ததும் வந்தது அவளுக்கே புதிதாக இருந்தது. "எனக்குக் கத்தணும். ஒருத்தன் என் பைய அறுத்துக்கிட்டுப் போனப்ப நான் அவன்கிட்ட சாரி சொன்னேன்." சொல்லிவிட்டாள். நான்கு மாதமாகப் புருஷனிடம் சொல்லாததை டயர்க்கடைக்காரரிடம், பன்னிரண்டு பேர் காதில் விழும்படி, மலாயில் சொல்லிவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை. லாவ் தலையை ஒருமுறை ஆட்டினார், டயரில் ஆணி எங்கே குத்தியிருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டால் ஆட்டுகிற அதே மாதிரி. "குதிரை நிலை. நில்லுங்க" என்றார். நின்றாள். காலை அகலமாக வைத்து, முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி. லாவ் அவளைச் சுற்றி வந்தார், பிறகு சொல்லாமல் கொள்ளாமல் தோளில் கை வைத்துத் தள்ளினார். பலமாகத்தான் தள்ளினார். அவள் அசையவில்லை. இன்னொரு பக்கமிருந்து தள்ளினார். அசையவில்லை. அவர் புருவம் மேலே போயிற்று. "எங்க பழகினீங்க?" என்றார். "வீட்டுல" என்றாள் லோகநாயகி. "இப்ப கத்துங்க." முதல் சத்தம் விக்கல் மாதிரி வந்தது, பூனைக்குட்டி மாதிரி. முகம் சூடாகியது. "அது தொண்டை. கீழ இருந்து. கால்ல இருந்து." கால் தரையை அழுத்தியது, தரை அவள் காலை அழுத்தியது, தொடை எரிந்தது, எரிச்சல் இடுப்புக்கு ஏறி வயிற்றுக்கு வந்து திரண்டது, அவள் வாயைத் திறந்தாள், என்ன வரப்போகிறது என்று தெரியாமலே திறந்தாள். அது வந்தது. மண்டபத்தின் கூரை அதிர்ந்த மாதிரி இருந்தது. ஒரு சொல்லும் இல்லாத, யாரிடமும் ஒன்றும் கேட்காத, யாருக்கும் ஒன்றும் விளக்காத சத்தம், இவ்வளவு பெரிய சத்தத்தை இத்தனை நாள் இந்த உடம்பில் எங்கே வைத்திருந்தோம் என்று அவளே மலைத்துப்போகிற சத்தம். புறாக்கள் எல்லாம் கிளம்பிப் போய்விட்டன. எதிர்மாடியில் மிஸ் யிப் சன்னலைப் படாரென்று சாத்துவது கேட்டது. பன்னிரண்டு பேரும் கைதட்டினார்கள். லோகநாயகியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, அவள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

லாவ் அவளை வரிசையின் கடைசியில் நிறுத்தினார். பக்கத்தில் நின்ற பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது இருக்கும், பிரவீணாவை விட இளையவள், பெயர் சுய் யீ. ஆறு வருடமாகப் பழகுகிறாளாம். லோகநாயகி அவளைப் பார்த்து, "நீ எனக்குச் சொல்லிக் குடும்மா, ஆண்டிக்கு ஒன்னும் தெரியாது" என்றாள். சுய் யீ அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தாள். "இங்க ஆண்டி எல்லாம் கிடையாது. யார் முன்ன சேந்தாங்களோ அவங்கதான் மூத்தவங்க. நான் உங்களுக்கு சீ ஜே, அக்கா. நீங்க இன்னைக்குச் சேந்தீங்க, எல்லாருக்கும் கடைசி. நீங்க சீ மூய்." "அப்படின்னா?" "தங்கச்சி." லோகநாயகி அந்த வார்த்தையை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள். ஆறு பிள்ளைகளில் மூத்தவள் அவள். பேச்சு வந்த நாளிலிருந்து அக்கா, பிறகு அண்ணி, பிறகு அம்மா, வேன் பிள்ளைகளுக்கு ஆண்டி. பிறந்ததிலிருந்து யாருமே அவளைத் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை, கூப்பிட ஆளே இருந்ததில்லை. பக்கத்தில் சுய் யீ, முன்னால் பதினொரு முதுகுகள். எல்லாரும் அவளுக்கு அண்ணன், எல்லாரும் அவளுக்கு அக்கா. யாருக்கும் அவள் வழிகாட்ட வேண்டியதில்லை, யாரையும் ஏற்றி இறக்க வேண்டியதில்லை, தெரியாமல் இருக்கலாம், தப்பாகச் செய்யலாம். லாவ் எண்ண ஆரம்பித்தார், யாட், யீ, சாம். பன்னிரண்டு இடுப்புகள் ஒன்றாக இறங்கின. அவளும் இறங்கினாள். தொடை கதறியது. பக்கத்திலிருந்து சுய் யீ, கண்டிப்பான குரலில், "இன்னும் கீழ, தங்கச்சி" என்றாள்.

லோகநாயகி இன்னும் கீழே போனாள்.